கேடலாக் இருக்கிறது, படங்களைக் காணோம்: பழைய வீட்டுப் படங்களை மீட்க வழி உண்டா?

வளவுமுற்றம், காரைக்குடி

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொத்தமங்கலத்தில் எங்களுக்குப் பங்கு வீடு, 11 புள்ளி, அதாவது பங்குள்ள கல்யாணமான குடும்பங்கள் 11. பட்டாலைச் சுவர் முழுக்கப் படங்கள். ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கி வாசலில் ஐயா நிற்கிற படம், முகப்பில் எடுத்த கல்யாணக் குழுப் படங்கள், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) படங்கள். 2019-இல் வீட்டுக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் கழற்றினோம். அப்போது ஒவ்வொன்றையும் ஸ்கேன் எடுத்து வைப்பது என்று முடிவாகி, அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். லீவு நாட்களில் உட்கார்ந்து ஐந்து வருடத்தில் 2,860 படங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி, டிஃப் ஃபைல், ஒவ்வொன்றும் சுமார் 50 எம்பி.

ஸ்கேன் எடுப்பதுகூடப் பெரிய வேலை இல்லை. அப்பத்தாவை ஊஞ்சலில் உட்காரவைத்து, லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்து, படம் படமாகக் காட்டிப் பெயர் கேட்டு எழுதினேன். "இந்தா, தூணுக்குப் பின்னாடி தலைய நீட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு, அதான் உங்கப்பச்சி. எட்டு வயசு. காலுல முள்ளு தச்சு அழுதுகிட்டே இருந்தான், அதான் பின்னாடி நிறுத்திட்டாக." அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா. இதை அப்படியே கேப்ஷனில் தட்டி வைத்தேன். போன வருடம் அப்பத்தா தவறிவிட்டார்கள். அந்தப் பெயர்களைச் சொல்ல இனி யாரும் இல்லை.

மென்பொருளின் பெயர் வேண்டாம். கேடலாக் என்று ஒன்று வைத்துக்கொண்டு படங்களை அடுக்குமே, அந்த வகை. படங்கள் இருந்தது 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கில். ஞாயிறுதோறும் அந்த மென்பொருள் "பேக்கப் எடுக்கவா?" என்று கேட்கும். தவறாமல் ஒரு பென் டிரைவில் எடுத்துவந்தேன். அது 16 ஜிபி பென் டிரைவ். 140 ஜிபி படங்கள் அதில் எப்படி அடங்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் டிஸ்க் மேசையிலிருந்து ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்தது. செருகினால் டிக் டிக் என்று சத்தம், கம்ப்யூட்டரில் தெரியவில்லை. சரி, பேக்கப் இருக்கிறதே என்று புது லேப்டாப்பில் பென் டிரைவைப் போட்டேன். கோப்புறைப் பெயர்கள் வந்தன, கேப்ஷன்கள் வந்தன, 2,860 என்ற எண்ணிக்கையும் வந்தது. படத்தின் இடத்தில் வெறும் சாம்பல் கட்டம், ஓரத்தில் ஒரு குறி. "ஃபைல் கிடைக்கவில்லை" என்கிறது.

காகிதப் படங்களில் பாதிக்கு மேல் பங்காளிகள் அவரவர் ஊருக்கு எடுத்துப்போய்விட்டார்கள். வீட்டில் விட்ட ஒரு பெட்டியில் கரையான் ஏறிவிட்டது. ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

இருட்டறை, தேவகோட்டை

ஆச்சி, முதல் காரியம், அந்த டிஸ்க்கை இனி எதிலும் செருகாதீர்கள். டிக் டிக் என்றால் உள்ளே படிக்கிற முனை தன் இடம் தெரியாமல் தட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறை கரண்ட் கொடுக்கும்போதும் தட்டில் கீறல் விழலாம். ரெகவரி மென்பொருள் போடச் சொல்லி யார் சொன்னாலும் போடாதீர்கள். மெமரி கார்டில் தவறி அழித்த படங்களை மீட்க ஃபோட்டோரெக் என்ற ரெகவரி மென்பொருளை நானே பயன்படுத்துகிறேன், அந்த வேலைக்கு நல்லது. விழுந்து அடிபட்ட டிஸ்க் வேறு விஷயம். தூசி புகாத அறை வைத்திருக்கிற லேப்தான் அதைத் திறக்க வேண்டும்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். உங்கள் வீட்டுச் சாமான் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அண்டா, தவலை, தூக்கு, அடுக்கு. எந்த அலமாரியில் எது என்று எழுதிய நோட்டு ஒன்று வெளியே இருக்கிறது. கேடலாக் அந்த நோட்டுதான். எந்த டிஸ்க், எந்தக் கோப்புறை, என்ன ஃபைல் பெயர், எவ்வளவு வெளிச்சம் கூட்டினீர்கள், என்ன கேப்ஷன், அவ்வளவும் அதில் இருக்கும். படம் இருக்காது. அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் கிளாசிக்கை எடுத்துக்கொண்டாலும் இப்படித்தான், அது எடுக்கும் பேக்கப் கேடலாக்குக்கு மட்டும். ஞாயிறுதோறும் நீங்கள் நோட்டைப் பத்திரமாக நகலெடுத்தீர்கள். அறையில் இருந்த சாமானுக்கு நகலே இல்லை.

எல்லா மென்பொருளும் இப்படி இல்லை. ஆப்பிளின் போட்டோஸ், வேண்டாம் என்று சொல்லாவிட்டால் படங்களைத் தன் லைப்ரரிக்குள்ளேயே நகலெடுத்து வைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒரே ஃபைல் மாதிரி தெரியும், உள்ளே கோப்புறை கோப்புறையாக ஒரிஜினல்கள் இருக்கும். ஆனால் இடம் மிச்சம் பிடிக்கும் அமைப்பை இயக்கிவிட்டால் ஒரிஜினல் ஐகிளவுடில் மட்டும் இருக்கும், உங்கள் கணினியில் சின்னப் பிரதிதான். அந்த நிலையில் கணினியை நகலெடுத்தால் சின்னப் பிரதிதான் நகலாகும். ஆக, எந்த மென்பொருள் என்றாலும் ஒரிஜினல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கையை வைத்துக் காட்டத் தெரிய வேண்டும்.

நம்பிக்கைக்கு இடம் உண்டு. ஸ்கேன் எடுத்த பழைய லேப்டாப் இருக்கிறதா? கேடலாக் பக்கத்திலேயே ப்ரிவ்யூ கோப்புறை என்று ஒன்று இருக்கும். திரையில் சட்டென்று காட்டுவதற்காகச் செய்து வைத்த பிரதிகள் அதில் இருக்கும். ஸ்மார்ட் ப்ரிவ்யூ (ஒரிஜினல் கையில் இல்லாதபோதும் திருத்த உதவும் சுருக்கப் பிரதி) போட்டிருந்தீர்களானால் நீளப் பக்கம் 2,560 புள்ளி வரை கிடைக்கும். 8 அங்குலப் படம் என்றால் அங்குலத்துக்கு 320 புள்ளி, அதே அளவில் அச்சுப் போடத் தாராளம். ஒன்று கவனம்: முழு அளவு ப்ரிவ்யூக்களை 30 நாளில் தானே அழிக்கும் அமைப்பு சிலவற்றில் உண்டு. அதனால் மென்பொருளைத் திறக்கும் முன்னாலேயே அந்தக் கோப்புறையை அப்படியே வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்

நான் எல்லாவற்றையும் போனிலேயே கூகுள் போட்டோஸில் ஏற்றிவிடுகிறேன். இந்தத் தலைவலியே வேண்டாமே?

நிரை_நிரல், காரைக்குடி

பள்ளத்தூர் அண்ணே, ஏற்றுவது நல்லதுதான், ஏற்றாமல் இருப்பதைவிட மேல். ஆனால் அது ஒத்திசைவு. போனில் இடம் இல்லை என்று கூகுள் போட்டோஸ் ஆப்பிலேயே ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும். பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அப்புறம் கிடையாது. 2021 ஜூன் 1-இலிருந்து ஏற்றுவதெல்லாம் அந்த 15 ஜிபி கணக்கில் சேர்கிறது. இரண்டு வருடம் தொடாத கணக்கை நீக்கலாம் என்றும் விதி இருக்கிறது. வீட்டில் ஒருவர் காலமாகி, அவருடைய கணக்கை யாரும் திறக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்னொன்று, 2020 ஆகஸ்டில் ஐபோன் லைட்ரூம் ஆப்புக்கு ஒரு அப்டேட் வந்தது. கிளவுடில் ஏற்றாமல் ஆப்புக்குள் மட்டும் வைத்திருந்தவர்களின் படங்கள் போய்விட்டன, மீட்க முடியாது என்று அடோபியே சொன்னது. ஒரே இடத்தில் இருப்பது எங்கே இருந்தாலும் இந்த நிலைதான்.

ஆச்சிக்கு ஒரு நல்ல சேதி. உங்கள் அப்பத்தா சொன்ன பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன. இந்த கேடலாக்குகளில் பல, உள்ளுக்குள் எஸ்க்யூலைட் என்ற சாதாரணத் தரவுத்தளம். லைட்ரூம் கிளாசிக்கும், அதே மாதிரி படம் அடுக்கும் டிஜிகாமும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. பென் டிரைவில் இருப்பதை ஒரு நகல் எடுத்து, நகலை மட்டும் எஸ்க்யூலைட் பிரவுசர் என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள். ஃபைல் பெயர் ஒரு பத்தி, கேப்ஷன் ஒரு பத்தி என்று எக்செல்லுக்கு எடுத்துவிடலாம். கையில் 2,860 வரிகள் வந்துவிடும்.

இனிமேலுக்கு ஒன்று. நம் ஊர்ப் பாத்திரங்களில் விலாசம் வெட்டியிருப்பார்களே, அண்டா எந்த வீட்டுக்குப் போனாலும் யாருடையது என்று அண்டாவே சொல்லும். கேப்ஷனும் அப்படி ஃபைலுக்குள்ளேயே இருக்க வேண்டும். டிஃப், ஜேபெக் இரண்டிலும் அதற்கு இடம் உண்டு. "மெட்டாடேட்டாவை (படத்தைப் பற்றிய குறிப்புகளை) ஃபைலில் எழுது" என்று ஒரு அமைப்பு இருக்கும், பல மென்பொருள்களில் அது அணைந்தே வரும். இயக்கிவிடுங்கள். பிகாசா என்ற படம் அடுக்கும் மென்பொருளைக் கூகுள் 2016-இல் நிறுத்தியபோது பலருக்கு இந்த அடி விழுந்தது. அதில் செய்த திருத்தங்கள் ஒவ்வொரு கோப்புறையிலும் ஒளிந்திருந்த ஒரு குட்டி ஐஎன்ஐ ஃபைலில் இருந்தன. படங்களை மட்டும் பொறுக்கி நகலெடுத்தவர்களுக்கு அது வரவில்லை.

வளவுமுற்றம், காரைக்குடி

இருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பழைய லேப்டாப் தம்பி மகனிடம் இருந்தது, கேம் விளையாடக் கொடுத்திருந்தேன். நல்லவேளை, அவன் எதையும் அழிக்கவில்லை. சொன்னபடி திறக்காமல் நகலெடுத்த பிறகுதான் பார்த்தேன். 1,140 படங்களுக்கு ஸ்மார்ட் ப்ரிவ்யூ இருக்கிறது, எல்லாம் 2022-க்குப் பிறகு ஏற்றியவை. மீதிக்கு 1,440 புள்ளி அளவில் சின்னதுதான். தூணுக்குப் பின்னால் நிற்கிற அப்பச்சி அந்தச் சின்னதில் இருக்கிறார்கள். முகம் தெரிகிறது, முள் குத்திய கால் தெரியவில்லை.

கேப்ஷன்கள் எல்லாம் எக்செல்லுக்கு வந்துவிட்டன. இப்போது ஒவ்வொன்றாக ஃபைலுக்குள் எழுதி வருகிறேன், 412 முடிந்தது. இரண்டு புது டிஸ்க் வாங்கி, ஒன்றைக் கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் வைக்கக் கொடுத்துவிட்டேன். விழுந்த டிஸ்க்கைத் திங்கட்கிழமை சென்னைக்கு ஒரு லேப்புக்கு அனுப்புகிறேன். செலவு அதிகம்தான், புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ள எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம். ரங்கூன் படம் நல்லவேளையாக வீட்டிலேயே இருக்கிறது, ஆனால் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். ஈரத்துணி வைத்து உரிக்கலாமா?

இருட்டறை, தேவகோட்டை

உரிக்கவே கூடாது ஆச்சி, படத்தில் இருக்கிற முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கண்ணாடியோடேயே எடுங்கள். மெல்லிசான சிஐஎஸ் ஸ்கேனர் (ஒட்டி இருப்பதை மட்டும் தெளிவாகப் படிக்கும் வகை) என்றால் கண்ணாடித் தடிமனுக்கு மங்கும், சிசிடி வகையாக (லென்ஸ் வழியாகப் படிப்பது) இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் கேமராவில் எடுத்துவிடலாம், இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, கேமராவுக்குப் பின்னால் கருப்புத் துணி கட்டினால் பிரதிபலிப்பு வராது. சனிக்கிழமை எனக்கு முகூர்த்த வேலை இல்லை. கொத்தமங்கலத்துக்கே வருகிறேன், வளவில் ஒரு மேசை மட்டும் போட்டு வையுங்கள்.