4-ஆவது தெரு வாட்ஸ்அப் குழு: கம்பத்தில் கட்டிய கேமரா

மே 20, செவ்வாய்

ரேவதி (12) – காலை 7:05
தெரு முனை ஈ.பி. கம்பத்தில் இரண்டு பையன்கள் ஏணி போட்டுக் கேமரா கட்டுகிறார்கள். யாருக்காவது தெரியுமா?

பாஸ்கர் (7) – 7:09
போன மாதம் பைக் திருடு போனதே, அதற்குப் போலீஸ் வைப்பதாக இருக்கும். நல்லதுதானே.

கோமதி மாமி (3) – 7:10
என் வாசலைப் பார்த்துத் திருப்பியிருக்கிறார்கள். இனிமேல் நைட்டியோடு கோலம் போட முடியாதா?

ரேவதி – 7:21
இறங்கிப் போய்க் கேட்டுவிட்டேன். வண்டி எண்ணுகிறார்களாம். முனையில் இருக்கும் காலி மனையில் 240 வீடு வரப்போகிறது, அதற்கான டிராபிக் ஸ்டடி.

சுந்தரம் சார் (15) – 7:40
மே மாதத்திலா? நல்ல நாள் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் லீவு, பாதித் தெரு ஊருக்குப் போயிருக்கிறது. இப்போது எண்ணினால் நம் தெருவில் கிரிக்கெட் ஆடலாம் என்றுதான் ரிப்போர்ட் வரும்.

கார்த்திக் (9) – 7:44
நாங்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறோம் அங்கிள்.

பாஸ்கர் – 7:52
இந்தத் தெருவில் அவ்வளவு உயரம் கட்ட விடுவார்களா சார்?

சுந்தரம் சார் – 8:03
2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குக் குறைந்தது 12 மீட்டர் ரோடு வேண்டும். முழு 3.25 எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) கேட்டால் 18 மீட்டர் வேண்டும். நம் லேஅவுட்டில் தெரு 40 அடி, அதாவது 12.19 மீட்டர். ஒரு சாண் மிச்சம். அதில்தான் நுழைகிறார்கள்.

உயர்மாடி என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தானாகக் கையெழுத்துப் போடாது. தீயணைப்பு, போக்குவரத்து போலீஸ் என்று தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கேட் எங்கே, பார்க்கிங் சரிவுப்பாதை எங்கே, உள்ளே போகும் வண்டி ரோட்டில் வரிசை கட்டுமா என்பதெல்லாம் போலீஸ் பக்கம்தான் பார்ப்பார்கள். நாம் பேச வேண்டியது அங்கே.

ரேவதி – 8:10
கேட்டை மெயின் ரோடு பக்கம் வைக்கலாமே?

சுந்தரம் சார் – 8:14
வைக்கலாம். ஆனால் அது நெடுஞ்சாலைத் துறை ரோடு. மழைநீர்க் கால்வாய் மேல் சிறுபாலம் போட்டு வழி திறக்க அவர்களிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். நம் தெரு சுலபம். அவ்வளவுதான் விஷயம்.

கோமதி மாமி – 8:15
🙏 இனிய காலை வணக்கம். செவ்வாய்க்கிழமை முருகன் அருள்.

பாஸ்கர் – 8:16
மாமி, இப்போதா!

ஜூன் 10, செவ்வாய்

சுந்தரம் சார் – காலை 9:40
பள்ளி திறந்தாயிற்று, நாமே எண்ணியாயிற்று. ரேவதி பால்கனி, கார்த்திக் மொட்டை மாடி. 8 முதல் 9 வரை: டூவீலர் 412, கார் 168, ஆட்டோ 74, பஸ்ஸும் லாரியும் 14, சைக்கிள் 30.

பாஸ்கர் – 9:43
மொத்தம் 698. சரியா?

சுந்தரம் சார் – 9:55
அப்படிக் கூட்டக் கூடாது. ஐ.ஆர்.சி. (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) 106 என்று 1990-இல் வந்த ஒரு வழிகாட்டி உண்டு. காரை 1 என்று வைத்து, மற்றதெல்லாம் எத்தனை காருக்குச் சமம் என்று சொல்லும். நம் தெருவில் இருக்கும் விகிதத்துக்கு டூவீலர் 0.75, ஆட்டோ 2, பஸ் 2.2, சைக்கிள் 0.4. பெருக்கிக் கூட்டினால் 668.

கோமதி மாமி – 9:57
ஆட்டோ இரண்டு காரா! ஓட்டுவதைப் பார்த்தால் நாலு.

சுந்தரம் சார் – 10:02
இந்த மாதிரி இருவழித் தெரு மணிக்கு 900 தாங்கும் என்கிறது அதே வழிகாட்டி. வீட்டுக்கு அரை வண்டி அந்த ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தாலே 120 கூடும். 788. தெரு தாங்கும் என்றுதான் அவர்களும் சொல்வார்கள், பொய்யும் இல்லை. ஆனால் மே மாதக் கணக்கை வைத்துச் சொல்லக் கூடாது. அப்புறம், எட்டேகாலுக்குப் பள்ளி வேன்கள் முனையில் திரும்பும் அந்தக் கால் மணி நேரம் இந்த 900-இல் தெரியாது. போலீசுக்கு நாம் கொடுக்கப்போகும் மனுவில் இரண்டே கோரிக்கை: பள்ளி நாளில் மறுபடி எண்ணட்டும், கேட் மெயின் ரோடு பக்கம் போகட்டும்.

ரேவதி – 10:05
கட்டவே கூடாது என்று எழுத வேண்டாமா?

சுந்தரம் சார் – 10:08
எழுதினால் படிக்க மாட்டார்கள் அம்மா. நம் வீடுகள் வந்தபோதும் முதல் தெருக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

பாஸ்கர் – 10:11
900 என்பது தெருவில் நிற்கும் கார்களை எடுத்துவிட்ட பிறகா சார்?

சுந்தரம் சார் – 10:13
இல்லை. கார் நிற்கும், வாசல் திறக்கும் என்று வைத்துக்கொண்டுதான் 900. ஆனால் வீட்டு வாசல் சாய்தளம் ரோட்டுக்கு வருவதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. மனுவோடு தெருவின் அளவையும் போட்டோவையும் வைக்கிறோம். நாளை காலை டேப்போடு வருகிறேன். 7-ஆம் நம்பர் வாசலில் சாய்தளம் நாலு அடி வெளியே இருக்கிறது.

பாஸ்கர் – 10:14
இந்தச் செய்தி நீக்கப்பட்டது