சுட்டது விட்மனா, மூளைக்கட்டியா?

நொச்சி:
1966 ஆகஸ்ட் 1. டெக்ஸாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து சார்லஸ் விட்மன் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டான். அன்று விடியுமுன்பே தாயையும் மனைவியையும் கொன்றிருந்தான். செத்த பிறகு தன்னை அறுத்துப் பாருங்கள், உடம்பில் ஏதாவது கோளாறு தெரிகிறதா என்று எழுதியும் வைத்திருந்தான். பார்த்தார்கள், மூளையில் கட்டி. இதற்கப்புறமும் அவன் விரும்பித்தான் செய்தான் என்பீர்களா?

சாத்தன்:
கட்டி இருந்தது, சரி. கட்டிதான் சுட்டது என்று யார் சொன்னது? டெக்ஸாஸ் ஆளுநர் கானலி இதை ஆராய அமைத்த குழுவே, பங்கு இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று நிறுத்திக்கொண்டது. அன்று காலை கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கியிருக்கிறான். பெட்டியில் சாப்பாடு, தண்ணீர், ரேடியோ. வேலையாள் மாதிரி உடுத்திக்கொண்டு பெட்டியைத் தள்ளுவண்டியில் உருட்டிப் போயிருக்கிறான். வலிப்பில் கை உதறுவதும் இதுவும் ஒன்றா?

நொச்சி:
திட்டம் போட்டதும் அதே மூளைதானே ஐயா. கட்டி இல்லாத கொலைகாரனுக்கும் மரபணு, வளர்ப்பு என்று ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். ஸ்கேனில் தெரிந்தால் மன்னிப்பு, தெரியாவிட்டால் தூக்கா?

சாத்தன்:
எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்றால் கட்டிக்கு மட்டும் என்ன தனி மரியாதை? காரணம் இருந்ததா என்று நான் கேட்கவே இல்லை. எடுத்துச் சொன்னால் கேட்கிற நிலையில் இருந்தானா, அதுதான் என் கேள்வி.

கொற்கை:
இரண்டு பேரும் மார்ச் மாதத்தை மறந்துவிட்டீர்கள். பல்கலைக்கழக மனநல மருத்துவரிடம் போய், கோபுரத்தில் ஏறி ஆட்களைச் சுடலாமா என்று தோன்றுகிறது என அவனே சொல்லியிருக்கிறான். மறுபடி வரச் சொன்னார், போகவில்லை.

சாத்தன்:
போகவில்லை, பார்த்தீர்களா! பொறுப்பு அங்கேதான் இருக்கிறது. தனக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆள்.

நொச்சி:
தெரிந்ததும் தடுக்க முடிந்ததும் ஒன்றில்லை. உயிரோடு பிடிபட்டிருந்தால் அடைத்து வைக்கத்தான் வேண்டும், அதில் சண்டையில்லை. பழிக்குப் பழி என்று வதைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கொற்கை:
ஒரு பேச்சுக்கு, கட்டியை எடுத்து அவன் பழையபடி ஆகிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது?

நொச்சி:
வெளியே விடுவேன். அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக்கொண்டு.

சாத்தன்:
நான் விட மாட்டேன். எத்தனை வருடம் என்று மட்டும் கேட்காதீர்கள்.