மஸ்கட்டிலிருந்து ஊருக்கு மலிவாக வர வழி சொல்லுங்கள்

வணக்கம். மஸ்கட்டில் வேலை, ஊர் கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டினம். பொங்கலுக்கு வர டிக்கெட் பார்த்தால் பெங்களூருக்குத் தினமும் ஏறிக்கொண்டே போகிறது. பக்கம்தான் என்று பேர், விமான நிலையமோ தேவனஹள்ளியில், நகரத்துக்கு அந்தக் கோடியில், டாக்சிக்கே தனியாகச் சம்பாதிக்கணும். எலக்ட்ரானிக் சிட்டி வரும் ஏர்போர்ட் பஸ் நள்ளிரவில் கிடைக்குமா? சென்னை என்றால் அப்புறம் 250 கிலோமீட்டர் பஸ்.

போன தடவை மலிவு என்று போட்டதில் கைப்பை 7 கிலோ மட்டும்தான். பாப்பாவுக்கு வாங்கிய பால் பவுடர் டின்னைக் கவுன்டரிலேயே விட்டு வந்தேன்.

கொச்சியில் இறங்கி, ஆலுவாவில் ரயில் பிடித்து, சேலம் வழியாக யாராவது வந்திருக்கிறீர்களா? பெட்டிச் செலவும் சேர்த்து உண்மையில் மிச்சமாகுமா? எத்தனை வாரம் முன்னால் போட்டீர்கள், போக வர ஒன்றாகவா, தனித்தனியாகவா? சொல்லுங்கள் அண்ணா, அக்கா.