சீந்தில் கஷாயம் எதிர்ப்பு ஆற்றலைக் கூட்டுமா? தைராய்டு நோயாளி குடிக்கலாமா?

கேள்வி:
என் அம்மாவுக்கு 61 வயது. ஹாஷிமோட்டோ வகைத் தைராய்டு நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். மழைக்காலத்தில் சளி விடாமல் பிடிப்பதால், உறவினர் ஒருவர் வேப்பமரத்தில் படர்ந்திருந்த சீந்தில் கொடியை வெட்டிக் கொடுத்து, துண்டுகளை இடித்து நான்கு தம்ளர் நீர் ஒரு தம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சித் தினமும் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரமாகக் குடிக்கிறார். இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா, தொடரலாமா என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் (மருந்தியல் ஆசிரியர்):
ஆதாரம் உண்டு. ஆனால், உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை அந்த ஆதாரமே எச்சரிக்கையாகவும் இருக்கிறது. சீந்தில் தண்டில் உள்ள ஜி1-4ஏ என்ற பலபடிச் சர்க்கரை, கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் உயிரணுக்களைத் தூண்டுவதை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் ஆய்வகத்தில் காட்டியுள்ளனர். பாக்டீரியாவின் நச்சை உணரும் டி.எல்.ஆர்.4 என்ற அதே ஏற்பியின் வழியாகத்தான் அது வேலை செய்கிறது. அதாவது, கிருமி நுழைந்துவிட்டதைப் போன்ற ஒரு செய்தி உடலுக்குப் போகிறது. மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகளே. 2005இல் வெளியான ஒன்றில், ஒவ்வாமையால் மூக்கொழுகும் 75 பேருக்கு எட்டு வாரம் சீந்திலோ போலி மருந்தோ கொடுத்துப் பார்த்தபோது, சீந்தில் எடுத்தவர்களுக்குத் தும்மல் நன்கு குறைந்தது. அது ஒவ்வாமை பற்றிய ஆய்வு. மழைக்காலச் சளிக்கு அதைச் சான்றாகக் கொள்ள இயலாது.

எதிர்ப்பு ஆற்றல் கூடினால் எல்லோருக்கும் நன்மை என்று எண்ணுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஹாஷிமோட்டோ நோயில் அந்த ஆற்றல் ஏற்கெனவே தன் தைராய்டையே தாக்கிக்கொண்டிருக்கிறது. மேலும் தூண்டினால் அது கல்லீரலையும் தாக்கக்கூடும் என்பதே அச்சம். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, சீந்தில் எடுத்துவந்த ஆறு பேர் கல்லீரல் அழற்சியோடு மும்பையில் சிகிச்சைக்கு வந்ததை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தனர். அவர்களுள் சிலருக்குத் தைராய்டு குறைபாடு போன்ற நோய்கள் முன்பே இருந்தன. அடுத்த ஆண்டு வெளியான, 13 மையங்களைச் சேர்ந்த 43 நோயாளிகள் பற்றிய ஆய்வில், குடிக்கத் தொடங்கியதிலிருந்து அறிகுறி தோன்றும்வரை இடைநிலை அளவாக 46 நாட்கள் ஆகியிருந்தன. உங்கள் அம்மா இப்போது மூன்றாம் வாரத்தில் இருக்கிறார். இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

பதில் (சித்த மருத்துவர்):
அந்த ஆய்வுகளை ஆயுஷ் அமைச்சகம் மறுத்ததும், சீந்தில் சேர்ந்த டினோஸ்போரா என்ற பேரினத்தின் வேறோர் இனத்தைச் சீந்தில் என்று தவறாகக் கொண்டிருக்கலாம் என்று கூறியதும் உண்மை. அப்பேரினத்தில் கிரிஸ்பா என்ற இனத்தின் தண்டு முண்டு முண்டாக இருக்கும். அதையும் சீந்திலையும் பிரித்தறியத் தெரியாதவர் மாற்றி எடுத்துவிட வாய்ப்புண்டு. ஆயினும், நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. நாங்கள் பயன்படுத்தும் சீந்தில் சர்க்கரை என்பது, முற்றிய தண்டை இடித்து நீரில் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை வடித்தபின் அடியில் தங்கும் வெண்ணிற மாவை உலர்த்தி எடுப்பது. காய்ச்சிய கஷாயத்தில் இறங்கும் கசப்புச் சத்துகள் அதில் அதே அளவில் இருப்பதில்லை. எனவே ஒன்றின் அளவையும் அனுபவத்தையும் மற்றொன்றுக்குப் பொருத்தக் கூடாது. நாடி பார்க்காமல், நோயாளி உண்ணும் மற்ற மருந்துகளைக் கேட்காமல், நாள்கணக்கு வரையறுக்காமல் கொடுப்பது சித்த மருத்துவ முறையும் அன்று.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்றே நிறுத்திவிட்டோம். பசி குறைந்திருப்பதாக அம்மா முன்பே சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. அது இப்போது உறுத்துகிறது. என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

பதில் (மருந்தியல் ஆசிரியர்):
நாளைக் காலையே தைராய்டு மருத்துவரிடம் கஷாயம் குடித்ததை மறைக்காமல் சொல்லி, கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிலிருபின், எஸ்.ஜி.பி.டி. இரண்டும் அதில் இருக்க வேண்டும். முதல் முடிவு சரியாக இருந்தாலும், எப்போது மீண்டும் பார்ப்பது என்று அவரிடமே கேளுங்கள். இதற்கிடையில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, ஓயாத குமட்டல் வந்தாலோ பரிசோதனைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மீந்திருக்கும் கொடித் துண்டையும் எடுத்துப் போங்கள். எந்த இனம் என்று தாவரவியல் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்ல அது உதவும்.