18 வருஷம் புழுவும் தக்கையும், இப்போ லூரில் 7 தடவை போயும் ஒரு மீன் இல்லை. எங்கே தப்பு?

கேள்வி:

வணக்கம். 18 வருஷமா தூண்டில் போடுறேன். மண்புழு, மாவு உருண்டை, தக்கை, ஈயக்குண்டு, இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச தொழில். தக்கை அசையுற விதத்த வெச்சே கெண்டையா கெளுத்தியானு சொல்லிடுவேன். போன மாசம் ஆசைப்பட்டு லூர் (செயற்கை இரை) பக்கம் வந்தேன். 7 தடவை போயாச்சு, ஒண்ணு கூட கரை ஏறல. எனக்குத் தூண்டிலே போடத் தெரியாதோனு தோண ஆரம்பிச்சிருச்சு. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு, அதான் கேக்குறேன்.

கையில இருக்குறது: பழைய 10 அடி ராடு, மேல 40-80 கிராம்னு போட்டிருக்கு. 5000 சைஸ் ரீல். பழைய தங்கூசிய (நைலான் நூல்) எடுத்துட்டு புதுசா பிரெய்டு (பின்னின நூல்) சுத்தியிருக்கேன், ஸ்பூல் (ரீல்ல நூல் சுத்துற உருளை) விளிம்பு வரைக்கும் ரொப்பியாச்சு. லூர்ல 10 கிராம் மிதக்குற மின்னோ (குட்டிமீன் மாதிரி செஞ்சது) ஒண்ணு, 12 கிராம் ஸ்பூன் (கரண்டி மாதிரி தகடு) ஒண்ணு, ரப்பர் தவளை ஒண்ணு.

பிரச்சனை நாலு. முழு பலத்தோட வீசினாலும் மின்னோ 15 மீட்டர் தாண்ட மாட்டேங்குது. அஞ்சாறு வீச்சுக்கு ஒரு தடவை பிரெய்டு கொத்தா சிக்கிக்குது, வெட்டி எறிய வேண்டியிருக்கு. நான் வருஷக்கணக்கா மீன் எடுக்குற அதே இடத்துல லூர் போட்டா ஒரு இடி கூட இல்ல. தவளைய மட்டும் ரெண்டு தடவை விரால் அடிச்சுது, ரெண்டு தடவையும் சுண்டினேன், தவளை பறந்து வந்து என் கால்கிட்ட விழுந்துது.

பதில் 1:

அண்ணே, முதல் ரெண்டு பிரச்சனையும் ஒரே பிரச்சனைதான். உங்க கை மேல குறை இல்ல, ராடு மேலதான்.

லூரோட எடை ராட வளைக்கணும். வளைஞ்ச ராடு நிமிரும்போதுதான் லூர் பறக்குது. 40-80 கிராம் எடைய வீசுறதுக்கான ராடுக்கு 10 கிராம் மின்னோ தொங்குறதே தெரியாது, அது வளையவே வளையாது. ஈயக்குண்டு கட்டி வீசினப்போ அந்த எடை உங்களுக்கு வேலை செஞ்சுது. இப்போ அந்த வேலைய தோள்பட்டை செய்யுது. பலமா வீசுறீங்க, லூர் காத்துல குட்டிக்கரணம் போட்டு வேகம் இழக்குது, பின்னால பிரெய்டு தளர்ந்து வளையம் வளையமா விழுது. அதுக்கு மேலயே சுத்தினா அடுத்த வீச்சுல கொத்தா கிளம்பி வரும்.

7 அடி பக்கத்துல, 5-20 கிராம்னு எழுதின ராடு ஒண்ணு பாருங்க. ரீல் 2500 இல்லைன்னா 3000 சைஸ் போதும். நாள் முழுக்க வீசணும், கனமா இருந்தா ஒரு மணி நேரத்துல மணிக்கட்டு போயிரும். பிரெய்டு பிஇ (நூல் கனத்தோட அளவு எண்) 1 இல்லைன்னா 1.5. பிஇ 1.5ங்கிறது 0.2 மில்லிமீட்டர் சுமார்தான். நீங்க இதுவரைக்கும் போட்ட தங்கூசியோட பாதி கனம்கூட இருக்காது.

பதில் 2:

சிக்கல் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் ராடு மாற்றினாலும் இது தொடரலாம். ஸ்பூலை விளிம்புவரை நிரப்பியது தவறு. பிரெய்டுக்கு விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டராவது காலி இருக்கட்டும். அடியில் சில சுற்று தங்கூசி போட்டு அதன்மேல் பிரெய்டைச் சுற்றுங்கள், இல்லையென்றால் வழுவழுப்பான பிரெய்டு ஸ்பூலோடு பிடிக்காமல் மொத்தமாகச் சுழலும்.

இன்னொன்று: வீசியபின் பெயில் கம்பியை (ரீலில் நூலைப் பிடித்துச் சுற்றும் வளைந்த கம்பி) எப்படி மூடுகிறீர்கள்? கைப்பிடியைத் திருப்பித்தான் மூடுகிறீர்கள் என்றால் அங்கேதான் சிக்கல் பிறக்கிறது. லூர் தண்ணீரைத் தொடும் நேரத்தில் விரலால் ஸ்பூல் விளிம்பைத் தொட்டு நூலை நிறுத்துங்கள். பெயிலைக் கையால் மூடுங்கள். நூலை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கிவிட்டு அதன்பிறகு சுற்றுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் இதைச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று நாளில் கை தானாகவே செய்யும்.

பதில் 3:

மூணாவது பிரச்சனைக்கு ஒரு கேள்வி. அந்த இடத்துல இத்தனை வருஷமா நீங்க எடுத்தது என்ன மீன்? அப்புறம் மின்னோவ எவ்வளவு வேகத்துல சுத்துறீங்க?

கேட்டவர்:

பெரும்பாலும் கெண்டை வகைதான், கட்லாவும் ரோகுவும். மாவு தூவி வெச்சா கூட்டமா வரும். வேகம்னா, எப்பவும் சுத்துற வேகம்தான். புழு போயிடுச்சானு பாக்க இழுப்போமே, அந்த மாதிரி.

பதில் 3:

ரெண்டு பதிலும் உங்க கேள்விக்குள்ளயே இருந்திருக்கு.

அந்த இடத்துல லூர கடிக்கிற மீன் இல்ல, இல்லைன்னா குறைவு. கட்லா தண்ணில மிதக்குற நுண்ணுயிர வடிகட்டித் தின்னுற மீன். ரோகு பெரும்பாலும் பாசி, செடிகொடினு மேயும். ரெண்டும் ஓடுற மீனத் துரத்துற ஜாதி இல்ல. மாவு வாசனைக்கு மீன் உங்களத் தேடி வந்துது. லூருக்கு வாசனை இல்ல, நீங்கதான் வேட்டை மீனத் தேடிப் போகணும். விரால், வாளை மாதிரி மீன் திறந்த தண்ணி நடுவுல நிக்காது. செடி ஓரம், சாஞ்ச மரத்தடி, நிழல் விழுற விளிம்பு, ஆழம் மாறுற மடிப்பு, இங்கதான் ஒளிஞ்சு நிக்கும். இதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்ல, 18 வருஷம் அந்தத் தண்ணியப் பாத்தவர். அந்த அறிவு முழுசும் இங்க உதவும். ஒரே இடத்துல உக்காருற பழக்கம்தான் உதவாது. விசிறி மாதிரி பத்துப் பதினஞ்சு வீச்சு போடுங்க, ஒண்ணும் இல்லைன்னா நகருங்க.

வேகத்துக்கு வருவோம். இரை போட்டுப் பிடிக்கிறவனுக்கு ரீல் சுத்துறது நடுவுல வர்ற வெறும் வேலை. இரை தண்ணில கிடக்கும்போதுதான் மீன்பிடிப்பு நடக்குது, சுத்தும்போது ஒண்ணும் நடக்காது. அதனால சீக்கிரம் சுத்தி முடிக்கக் கை பழகியிருக்கு. லூர்ல அப்படியே தலைகீழ். சுத்துற அந்த நேரம் மட்டும்தான் மீன்பிடிப்பு. நானும் தக்கையில இருந்து வந்தவன்தான். இது தலைக்கு உடனே புரிஞ்சிருச்சு, கைக்குப் புரியத்தான் ஒரு மாசம் ஆச்சு.

பின்லாந்துல லவுரி ராப்பாலானு ஒரு மீனவர் 1936ல தக்கையச் செதுக்கி, சாக்லேட் சுத்துற தகடு ஒட்டி, புகைப்பட நெகட்டிவ உருக்கிப் பூசி ஒரு மின்னோ செஞ்சார். அவர் கவனிச்சது ஒண்ணுதான்: அத்தனை குட்டிமீன் ஓடும்போது, கொஞ்சம் தடுமாறி நீந்துறதத்தான் பெரிய மீன் தேர்ந்தெடுத்து அடிக்குது. அந்தத் தடுமாற்றத்த உங்க கைதான் உண்டாக்கணும்.

வீசுறதுக்கு முன்னாடி கால்கிட்ட தெளிஞ்ச தண்ணில மின்னோவ ஓட்டிப் பாருங்க. எவ்வளவு மெதுவாச் சுத்தினாலும் வாலாட்டம் நிக்காம இருக்கோ, அதுதான் ஆரம்ப வேகம். நாலு சுத்து, ஒரு நிறுத்தம். மிதக்குற மின்னோ நிறுத்தினதும் மெல்ல மேல எழும். மீன் அடிக்கிறதுல பாதி அந்த நிறுத்தத்துலயும், மறுபடி நகர ஆரம்பிக்கிற அந்த முதல் அசைவுலயும்தான் வரும். மூக்குல பெரிய ஸ்விவல் (சுழலுற உலோக இணைப்பு) மாட்டியிருந்தா கழட்டிடுங்க. அந்தக் கனம் மூக்க அமுக்கி ஆட்டத்தக் கெடுக்கும். சின்ன ஸ்னாப் (லூர மாட்டுற கொக்கி) போதும்.

பதில் 4:

தவளை பத்தி யாரும் சொல்லல. தக்கை முங்கின உடனே சுண்டிச் சுண்டிப் பழகிய கை அது. தண்ணி சிதறுற சத்தம் கேட்டதும் சுண்டிட்டீங்க. அந்த நேரத்துல விரால் வாய மூடியே இருக்காது. சத்தத்துக்கு சுண்டாதீங்க, கனத்துக்கு சுண்டுங்க. அடிச்சதும் ராடு நுனியத் தாழ்த்தி, தளர்வ மட்டும் சுத்துங்க. நூல் இழுபடும், மீன் திரும்புற கனம் கைக்கு வரும். ஒரு நொடிதான் இருக்கும், ஆனா அந்த ஒரு நொடி பெரிய நொடி. அப்போ பலமா ஒரே சுண்டு. தவளையோட ரெண்டு முள்ளும் உடம்போட ஒட்டிக் கிடக்கும், நுனிய ஒரு முடி அளவு வெளிய வளச்சு விடுங்க. அடி தவறிப் போச்சுன்னா தவளைய அங்கயே அசையாம விடுங்க. விரால் பல நேரம் திரும்பி வரும்.

விராலுக்குக் காத்து குடிக்காம இருக்க முடியாது, மேல வந்து 'ப்ளக்'னு வாய் வெச்சிட்டுப் போகும். அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எழும்பின இடத்து மேலயே போடாதீங்க, ரெண்டு மூணு மீட்டர் தாண்டிப் போட்டு அந்த வழியா இழுத்துட்டு வாங்க.

மின்னோவுக்கு இது பொருந்தாது. அதுல மூணு முனை முள், மீன் தானே மாட்டிக்கும். பிரெய்டு கிட்டத்தட்ட நீளாது, தங்கூசிக்கு சுண்டுற மாதிரி சுண்டினா வாய் கிழிஞ்சிடும். சுத்திக்கிட்டே ராடப் பக்கவாட்டுல இழுத்தாப் போதும்.

ஒரு வேண்டுகோளும் இருக்கு. செவந்த குஞ்சுக்கூட்டம் மேல மிதந்தா அங்க தவளை போடாதீங்க. கீழ தாயும் தகப்பனும் காவல் நிக்கும், எதப் போட்டாலும் பாஞ்சு அடிக்கும். அத எடுத்துட்டா அந்தக் குஞ்சு அத்தனையும் மத்த மீனுக்கு இரை. எனக்கு இது மனசு கேக்காத விஷயம்.

கேட்டவர்:

நாலு பேருக்கும் கும்பிடு. 2500 ரீலும் 5-20 கிராம் ராடும் வாங்கிட்டேன். நேத்து காலையில போனேன். அதே மின்னோ பலமே போடாம 35 மீட்டர் பக்கம் போகுது, எனக்கே நம்ப முடியல. பெயில கையால மூடினேன், மூணு மணி நேரத்துல ஒரு சிக்கல்கூட இல்ல.

செடி ஓரமா மெதுவா ஓட்டி நிறுத்தினப்போ அடிச்சுது பாருங்க! 18 வருஷத்துல அப்படி ஒரு அடி கைக்கு வந்ததில்ல. தக்கையில கண்ணுக்குத்தான் முதல்ல தெரியும். இது நேரா எலும்புல தெரிஞ்சுது. ஆனா ஒரு நிமிஷம்கூட இல்ல, நூல் போயிடுச்சு, மின்னோவும் போச்சு. பிரெய்ட நேரா ஸ்னாப்புல கட்டியிருந்தேன், தங்கூசிக்கு எப்பவும் போடுற முடிச்சுதான்.

பதில் 2:

மிச்சமிருக்கும் நூலின் நுனியைப் பாருங்கள். பன்றி வால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது. பஞ்சுபோலப் பிரிந்திருந்தால் கல்லிலோ பல்லிலோ உரசியது.

கேட்டவர்:

சுருண்டுதான் இருக்கு.

பதில் 2:

அப்படியானால் முடிச்சுதான். பிரெய்டு வழுக்கும், தங்கூசி முடிச்சு அதில் நிற்காது. பிரெய்டின் முனையில் ஒரு மீட்டர் ஃபுளூரோகார்பன் நூலை லீடராக (லூருக்கு முன்னால் வரும் நூல்) சேருங்கள். அது உரசலைத் தாங்கும், தண்ணீருக்குள் அதிகம் தெரியாது. இரண்டையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு சிறந்தது, ஆனால் கற்க நாளாகும். அதுவரை இரட்டை யூனி போடுங்கள், பிரெய்டு பக்கம் சுற்றுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்னாப்பில் பாலோமர் முடிச்சு: நூலை இரட்டையாக மடித்து வளையத்தில் நுழைத்து, ஒரு சாதாரண முடிச்சு போட்டு, மடிப்பின் கண்ணுக்குள் ஸ்னாப்பை நுழைத்து எடுத்து இறுக்க வேண்டும். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைப்பது கட்டாயம். டிராக்கையும், அதாவது ரீல் நூலை விடும் இறுக்கத்தையும், பாருங்கள். நூலின் பலத்தில் நாலில் ஒரு பங்கு இழுவைக்கே ஸ்பூல் நூலை விடவேண்டும்.

முள்ளோடு போன அந்த மீனை நினைத்துச் சொல்கிறேன், முள்ளின் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கி விடுங்கள். இப்படி நூல் போனாலும் மீன் உதறிவிட வாய்ப்பு உண்டு. உங்கள் விரலில் ஏறினாலும் சுலபமாக வெளியே வரும்.

கேட்டவர்:

ராத்திரி உக்காந்து பாலோமர் இருபது தடவை போட்டுப் பழகினேன், இழுத்துப் பாத்தா அசையவே இல்ல. லீடர் கட்டியாச்சு. எதிர்க்கூரும் நசுக்கியாச்சு. விடிஞ்சதும் அதே செடி ஓரத்துக்குப் போறேன்.