சர்வரை நீக்கியபோது சங்கங்களின் இணைப்பும் அழிந்தது: கோட்டுரு மாற்ற விதிகள் இதைத் தடுக்குமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரப் பால் சங்கங்களுக்கான மென்பொருளைச் சில ஆண்டுகளாக எழுதிப் பராமரித்து வருகிறேன். ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு கணினி உண்டு. காலையும் மாலையும் பால் ஊற்ற வருபவரின் எண், அளவு, கொழுப்பு ஆகியவை அதில் பதிவாகி, அந்தச் சங்கம் இணைந்திருக்கும் சர்வருக்குப் போய்ச் சேரும். மொத்தம் 60 சங்கங்கள், 3 சர்வர்கள்.

சில மாதங்களுக்கு முன், பழைய சர்வர் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதன்கீழ் இருந்த 14 சங்கங்களை மற்ற இரண்டுக்கும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும் வேலை முடிவதற்குள் நீக்கும் ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது. தரவுத்தளத்தில் ‘கேஸ்கேட்’ (ஒரு வரியை அழித்தால் அதைச் சார்ந்த வரிகளும் தானாக அழியும் அமைப்பு) என்று நானே வைத்திருந்தபடியால், சர்வரின் வரி அழிந்ததும், இன்னும் மாற்றப்படாமல் இருந்த 5 சங்கங்களின் இணைப்பு வரிகளும் சத்தமில்லாமல் உடன் அழிந்தன. பிழைச்செய்தி ஒன்றுகூட வரவில்லை. வாரப் பட்டுவாடா அன்று, இரண்டு மாடு வைத்திருக்கும் ஓர் அம்மா தம்முடைய பால் கார்டை நீட்டினார். அதில் மாலை 4 லிட்டர் 200 மில்லி என்று பேனாவால் எழுதியிருந்தது. திரையில் அந்த மாலையே இல்லை.

அமைப்பின் கட்டமைப்பைக் கோட்டுருவாகவும் (கணுக்கள் எனும் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படம்), அதில் நிகழக்கூடிய மாற்றங்களை விதிகளாகவும் எழுதும் முறையைப் பற்றி அதன்பின் படிக்கத் தொடங்கினேன். சங்கமும் சர்வரும் கணுக்கள், இணைப்பு என்பது கோடு என்ற அளவுக்குப் புரிகிறது. இப்படி எழுதியிருந்தால் அன்று நடந்தது நடந்திருக்காதா, அல்லது அதே தவறைப் படமாக வரைந்திருப்பேனா என்பதே என் கேள்வி. விதி பொருந்தும் இடத்தைத் தேடுவது 60 சங்கங்களுக்கு மெதுவாகுமா என்றும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1: குப்பம் வாசகர்

தம்பி, எந்த வகைக் கோட்டுரு மாற்றத்தை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டுமே நடக்கலாம். கோட்டுரு இலக்கணங்கள் 1969 வாக்கிலேயே ஃபால்ட்ஸ், ரோசன்ஃபெல்ட் ஆகியோரின் எழுத்தில் வந்துவிட்டன. ஆனால் உங்கள் சிக்கலுக்கு நேரே பொருந்துவது, 1973இல் ஏரிக், ஃபெண்டர், ஷ்நைடர் ஆகிய மூவர் முன்வைத்த ‘டபுள் புஷ்அவுட்’ முறை. அதில் ஒரு விதிக்கு மூன்று பகுதிகள் உண்டு: மாற்றத்துக்கு முன் இருக்க வேண்டியதைக் காட்டும் இடப்பக்கம், மாற்றத்துக்குப் பின் இருப்பதைக் காட்டும் வலப்பக்கம், இரண்டுக்கும் பொதுவாக, கைபடாமல் நிலைத்திருப்பதைக் காட்டும் நடுப்பகுதி. இடப்பக்கத்தில் இருந்து நடுப்பகுதியில் இல்லாதவை அழியும். வலப்பக்கத்தில் மட்டும் இருப்பவை புதிதாக ஒட்டப்படும்.

இப்போது ‘சர்வரை நீக்கு’ என்ற விதியை எழுதிப் பாருங்கள். இடப்பக்கத்தில் ஒரே ஒரு சர்வர் கணு. நடுவிலும் வலத்திலும் ஒன்றுமில்லை. அந்தச் சர்வரை ஒரு சங்கத்தின் கோடு தொட்டுக்கொண்டிருந்தால், கணு போனபின் அந்தக் கோடு ஒரு முனையில் பிடிப்பில்லாமல் தொங்கும். அப்படித் தொங்கும் கோடு எதுவும் மிஞ்சக்கூடாது என்பது இந்த முறையின் அடிப்படை நிபந்தனை. ஆகவே அந்த இடத்தில் விதி பொருந்தவே பொருந்தாது. உங்களுடைய 5 சங்கங்களும் மாற்றப்படும்வரை சர்வரை அசைத்திருக்க முடியாது.

இதற்கு மாறாக ‘சிங்கிள் புஷ்அவுட்’ என்ற முறையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் லோவ என்ற ஆய்வாளர் அதற்கு முழு வடிவம் கொடுத்தார். அங்கே விதி தடைபடாது. தொங்கவேண்டிய கோடுகள் கணுவோடு சேர்ந்து அழிந்துபோகும். உங்கள் ‘கேஸ்கேட்’ செய்தது அச்சு அசலாக இதுதான். தற்காலிகக் குறிப்புகளைத் துடைப்பதற்கு அது வசதியானது. பிறருடைய பால் கணக்கைத் தாங்கும் கோடுகளுக்கு அது தகாது என்பது என் உறுதியான கருத்து.

சங்கத்தை மாற்றும் விதியில் சங்கம், பழைய சர்வர், புதிய சர்வர் ஆகிய மூன்றையும் நடுப்பகுதியில் வையுங்கள். இடப்பக்கத்தில் பழைய கோடும் வலப்பக்கத்தில் புதிய கோடும் மட்டும் வேறுபடட்டும். பழைய கோடு போவதும் புதிய கோடு வருவதும் ஒரே படியில் நடப்பதால், இணைப்பில்லாத சங்கம் என்ற இடைநிலையே உருவாகாது. மூன்று மாநிலங்கள் சேரும் எங்கள் பக்கத்தில் இத்தகைய படங்களுக்கு இன்னொரு பயன் உண்டு. வட்டமும் கோடுமாக இருப்பதால், தெலுங்கு மட்டும் படிப்பவரும் தமிழ் மட்டும் படிப்பவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேச முடிகிறது.

பதில் 2: குமுளி வாசகர்

முதலில் வேகம் பற்றி. ஒரு கோட்டுருவுக்குள் இன்னொன்றைத் தேடுவது பொதுவாகக் கடினமான கணக்குதான். ஆனால் உங்கள் விதிகளின் இடப்பக்கத்தில் மூன்று கணுக்களுக்குமேல் இல்லை. அளவு நிலையாக இருக்கும்போது தேடல் பல்லுறுப்புக்கோவை நேரத்துக்குள் அடங்கிவிடும், அதாவது கோட்டுரு பெரிதாகும்போது நேரம் கட்டுக்கடங்காமல் வெடித்துப் பெருகாது. 60 சங்கங்கள் ஒரு பொருட்டே அல்ல.

குப்பம் ஐயா சொன்னதோடு நான் சேர்க்க விரும்புவது, விதிகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களை. உங்கள் ஸ்கிரிப்டுகள் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடியவை என்பதால், இங்கேதான் கவனம் தேவை. ஒரே சங்கத்தை ஒரு கை இரண்டாம் சர்வருக்கும் மறு கை மூன்றாம் சர்வருக்கும் மாற்றினால், இரண்டும் ஒரே பழைய கோட்டை அழிக்க வேண்டும். ஒன்று முடிந்ததும் மற்றது பொருந்தாது. அதேபோல, வெறுமையாக இருக்கும் சர்வருக்கு ஒருவர் சங்கத்தை மாற்றும்போது இன்னொருவர் அதையே நீக்கப் பார்த்தால் அதுவும் மோதல். இத்தகைய முரண் இணைகளை விதிகளை மட்டும் வைத்தே, ஓட்டிப் பார்க்காமல், முழுவதுமாகக் கண்டுபிடிக்க முடியும். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஏஜிஜி என்ற கருவி அதைச் செய்து தருகிறது. மோதும் என்று தெரிந்த இணைகளுக்கு மட்டும், ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்கும்படி பூட்டு போடுங்கள், போதும்.

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உருவான குரூவ் என்ற கருவி, தொடக்க நிலையிலிருந்து விதிகளால் எட்டக்கூடிய எல்லா நிலைகளையும் விரித்துக் காட்டும். விடுபட்ட அந்த 5 சங்கங்களை 3 சர்வர்களுடன் வைத்து, மாற்றும் விதியை மட்டும் கொடுத்தால், பெயர்களோடு எண்ணும்போது 243 நிலைகள் வரும். ஆனால் வடிவத்தில் ஒன்றாக இருப்பவற்றை அக்கருவி ஒன்றாகவே கொள்ளும் என்பதால், ஐந்தும் ஒரே இடத்தில், நான்கும் ஒன்றும், மூன்றும் இரண்டும், மூன்று ஒன்று ஒன்று, இரண்டு இரண்டு ஒன்று என வெறும் 5 நிலைகள்தான் மிஞ்சும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே சரிபார்த்துவிடலாம்.

பதில் 3: நகரி வாசகர்

மேலே உள்ளவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மாற்றும் விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு சங்கத்தை இங்கிருந்து அங்கே மாற்றிவிட்டு, அதே விதியால் திரும்ப இங்கே கொண்டுவரலாம்; இது முடிவில்லாமல் நடக்கும். எந்த விதித் தொகுப்பு நிற்கும், எது நிற்காது என்பதைப் பொதுவாகத் தீர்மானிக்க வழியே இல்லை என்று பிளம்ப் என்ற ஆய்வாளர் 1998இல் நிறுவியிருக்கிறார். ஆகவே நம் விதிகள் நிற்பதற்கான காரணத்தை நாமே எழுதிக் காட்ட வேண்டும். கழற்றப்போகும் சர்வருக்கு ‘விடைபெறுவது’ என்று ஒரு குறியிடுங்கள். குறியுள்ள சர்வரிலிருந்து குறியில்லாத சர்வருக்கு மட்டுமே மாற்றலாம் என்று விதியைச் சுருக்குங்கள். ஒவ்வொரு முறையும் குறியுள்ள சர்வரைத் தொடும் கோடுகளில் ஒன்று குறைவதால், 14 படிகளில் அது நின்றே தீரும்.

இன்னொன்று: லிட்டர், கொழுப்பு, விலை ஆகியவற்றைக் கணுக்களாக்க முயலாதீர்கள். அவை பண்புகளாகத் தரவுத்தளத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விதிகளைப் பெரிய தாளில் வரைந்து சங்கத்துக்கு எடுத்துச் சென்றேன். நான் தமிழ்வழியில் படித்தவன், செயலாளர் மலையாளத்தில் எழுதுபவர். குப்பம் ஐயா சொன்னபடியே மொழி குறுக்கே வரவில்லை. அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, நீக்கும் விதியின்மேல் விரலை வைத்து, “சர்வருக்கு வந்து இன்னும் கணக்கில் ஏறாத பால் இதில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். நான் அதை வரையவே இல்லை. சங்கங்கள் எல்லாம் மாறிப்போன பிறகும், சர்வரில் காத்திருக்கும் மாலைப் பதிவுகளோடு சேர்த்து அதை நீக்கியிருப்பேன்.

இப்போது காத்திருக்கும் பதிவு என்பது தனிக் கணு. அதிலிருந்து சர்வருக்கு ஒரு கோடு. அதைக் கணக்கில் ஏற்றியபின் அந்தக் கோட்டை அழிக்கும் விதி ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். அந்தக் கோடுகள் அனைத்தும் தீரும்வரை நீக்கும் விதி பொருந்தாது. நகரி நண்பர் சொன்ன குறியையும் சேர்த்து, தரவுத்தளத்தில் ‘கேஸ்கேட்’ இருந்த இரண்டு இடங்களிலும் நேற்று அதை எடுத்துவிட்டேன். ஏஜிஜியில் முரண் இணைகளைப் பார்த்தபின், பூட்டு எங்கெங்கே தேவைப்பட்டது என்பதை இதே இழையில் எழுதுகிறேன்.