அப்டேட் போட்டதுல இருந்து ப்ளூ ஸ்கிரீன், அவசரம், யாராவது சொல்லுங்க

நெல்லை_கேமராக்காரன் (காலை 9.12)
அண்ணாச்சிகளா, ராத்திரி லேப்டாப்பை மூடப் போனா அப்டேட் போட்டுத்தான் ஆஃப் ஆவேன்னு நின்னுச்சு. சரி போன்னு அமுக்கிட்டுப் படுத்துட்டேன். காலைல ஆன் பண்ணா ப்ளூ ஸ்கிரீன். நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், அதேதான். ஞாயித்துக்கிழமை கல்யாண ஆல்பம் குடுக்கணும். சீக்கிரம்.

சர்வீஸ்கடை_பாண்டி (9.20)
ரேம்தான் சார். பின்பக்க மூடியைக் கழட்டி ரேமை எடுங்க. அந்தத் தங்கக் கலர் பல்லு இருக்குல்ல, அதைப் பென்சில் ரப்பரால நல்லா தேய்ச்சு திரும்பச் சொருகுங்க. என் கடைக்கு வர்ற ப்ளூ ஸ்கிரீன் முக்காவாசி இதுலயே சரியாகிடும்.

நிரல்நேசன் (9.31)
நண்பரே, ப்ளூ ஸ்கிரீன் என்பது ஒரு நிறம், நோயின் பெயர் அல்ல. விண்டோஸ் 10ஆ, 11ஆ? என்ன மாடல்? திரையில் என்ன எழுதியிருக்கிறது? ஜோசியரிடம் போகிறவர்கூடப் பிறந்த நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் பலன் கேட்கிறார்.

பெங்குவின்_பித்தன் (9.40)
ப்ரோ, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்னு ஒரு சிஸ்டம் இருக்கு, அதைப் பென்டிரைவ்ல ஏத்தி அதுல பூட் பண்ணுங்க. போட்டோ எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு அப்படியே விண்டோஸுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுடுங்க.

ஹேமா_சிஸ்டம் (9.44)
அண்ணா, சோக முகம் போட்டு ஸ்டாப் கோடுன்னு ஏதாவது வருதா? இல்ல, எதையாவது டைப் பண்ணச் சொல்லுதா? ரெண்டும் வேற வேற. ஒரு போட்டோ எடுத்துப் போடுங்களேன். நீங்கதான் கேமராக்காரராச்சே.

நெல்லை_கேமராக்காரன் (10.05)
விண்டோஸ் 11. முகம் கிகம் ஒண்ணும் இல்ல. ரிகவரி கீ போடுன்னு ஒரு பெட்டி. நான் எந்த பாஸ்வேர்டும் வைக்கலம்மா. எவனோ உள்ள பூந்து பூட்டிட்டான்னு நினைக்கேன்.

திண்டுக்கல்_முருகேசன் (10.09)
போச்சு. ரான்சம்வேர், பூட்டி வெச்சுட்டுப் பணம் கேக்குற வைரஸ். நெட்டைப் பிடுங்குங்க முதல்ல. அடுத்து பிட்காயின் கேப்பான். இந்த அப்டேட் சனியனே வேண்டாம்னுதான் நான் விண்டோஸ் 7லயே இருக்கேன், சிங்கம் மாதிரி ஓடுது.

ஹேமா_சிஸ்டம் (10.16)
ரான்சம்வேர் இல்ல. அது பிட்லாக்கர், டிஸ்க்குக்கு விண்டோஸே போடுற பூட்டு. அண்ணா, பதறாதீங்க, ஆனா யாரையும் ஃபார்மட் மட்டும் பண்ண விட்றாதீங்க. அந்தப் பூட்டு அனேகமா வாங்கின நாள்ல இருந்தே இருந்திருக்கும். மதர்போர்டுல டிபிஎம்னு ஒரு சிப், தினமும் உங்களுக்குத் தெரியாம அதுவே திறந்து விட்டுட்டிருந்திருக்கு. ராத்திரி அப்டேட்டோட, லேப்டாப்பை முதல்ல எழுப்பி விடுற பயாஸும் மாறியிருக்கும். பூட் ஆகுற விதம் மாறினா, இது வேற ஆளோன்னு சந்தேகப்பட்டு அது கதவைத் திறக்காது. 48 இலக்க எண்ணைக் கேக்கும். 2024 ஜூலை அப்டேட் அப்பவும் நிறையப் பேருக்கு இப்படி வந்து, ஆகஸ்ட்லதான் சரி பண்ணாங்க.

தானா பூட்டிக்கிட்டதுன்னா அந்த எண் ஒரு மைக்ரோசாப்ட் அக்கவுண்டுக்கும் தானா போயிருக்கும். முதன்முதல்ல ஆன் பண்றப்ப எந்த மெயில் குடுத்தீங்க?

நெல்லை_கேமராக்காரன் (10.30)
ஜிமெயில் முழுக்கத் தேடிட்டேன். அப்படி எந்த மெயிலும் வரல.

ஹேமா_சிஸ்டம் (10.33)
மெயில்ல வராதுண்ணா. போன் பிரவுசர்ல மைக்ரோசாப்ட் அக்கவுண்டுக்குள்ள போய், டிவைசஸ்ல லேப்டாப் பேரைத் தொட்டா ரிகவரி கீன்னு இருக்கும். உங்க திரையில கீ ஐடின்னு ஒண்ணு தெரியும். அதோட முதல் 8 எழுத்து அங்கயும் அதேதானான்னு பாருங்க.

சர்வீஸ்கடை_பாண்டி (10.41)
ரேமைத் தேய்ச்சுப் பார்த்தீங்களா சார்?

நிரல்நேசன் (10.48)
முருகேசன் அவர்களே, உங்கள் சிங்கத்துக்கு 2020 ஜனவரியோடு அப்டேட் என்ற தீவனம் நின்றுவிட்டது. 2017 மே 12 அன்று, நீங்கள் சொன்ன அதே வகையைச் சேர்ந்த வான்னாக்ரை பரவியது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் 14ஆம் தேதியே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள், அவர்களில் பெரும்பாலோர் வைத்திருந்தது விண்டோஸ் 7. மேலும், ரான்சம்வேர் என்று எழுதுவதற்குப் பதில் பணயத் தீநிரல் என்று எழுதலாமே.

திண்டுக்கல்_முருகேசன் (10.55)
நான் மாட்டலையே சார். அப்டேட் போட்டவருதான் இப்ப பூட்டின கதவு முன்னாடி நிக்கிறாரு. போடாத எனக்கு வேலை நடக்குது. தீநிரலோ தீவட்டியோ, நீங்களே வெச்சுக்கங்க.

பெங்குவின்_பித்தன் (10.58)
ரெண்டு பேருமே லினக்ஸுக்கு வந்துட்டா இந்தச் சண்டையே இல்ல.

நெல்லை_கேமராக்காரன் (11.20)
பக்கத்து கம்ப்யூட்டர் சென்டர் பையனை வெச்சு பென்டிரைவ்ல லினக்ஸ் போட்டோம். டிரைவ் தெரியுது, தொட்டா அதுவும் கீ கேக்குது. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வேற சிஸ்டத்துல போட்டுப் பார்க்கவா? இந்தப் பையன் 800 ரூவாய்க்கு ஃபார்மட் பண்ணி புதுசாக்கித் தரேங்கான்.

ஹேமா_சிஸ்டம் (11.22)
வேண்டாம், வேண்டாம், வேண்டாம். வேற சிஸ்டத்துல போட்டாலும் கீ கேக்கும். புதுசாக்கினா போட்டோ போயிடும். பயாஸுக்குள்ள போய் டிபிஎம் கிளியர்ங்கிறதையும் தொட வேண்டாம்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க.

நிரல்நேசன் (11.26)
மெமரி கார்டில் இருக்குமே? ஒரு தொழில்முறைக் கலைஞர் இரண்டு பிரதிகூட வைத்துக்கொள்ளவில்லையா?

நெல்லை_கேமராக்காரன் (11.34)
வேற ஒரு காதுகுத்துக்குக் கார்டைக் காலி பண்ணிட்டேன் சார். தாலி கட்டுனது, மறுவீடு எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. பொண்ணோட அப்பா இப்பதான் போன் பண்ணாரு, எடுக்கல.

ஹேமா_சிஸ்டம் (11.37)
அண்ணா, திட்டுறவங்களை விடுங்க. இந்த லேப்டாப் யாருக்கு வாங்கினது? முதல்ல தொட்டது யாரு?

நெல்லை_கேமராக்காரன் (11.52)
மகளுக்கு. கொரோனா சமயம் ஆன்லைன் கிளாஸுக்கு வாங்கினோம். அவதான் எல்லாம் போட்டா. இப்ப மஸ்கட்ல இருக்கா, அங்க வெள்ளிக்கிழமை லீவு, தூங்குவா.

ஹேமா_சிஸ்டம் (11.53)
இதை ஒன்பது மணிக்கே சொல்லியிருக்கலாம்ணா! எழுப்புங்க. காலேஜ் மெயில், பழைய மெயில், எது இருந்தாலும் எல்லாத்துலயும் பார்க்கச் சொல்லுங்க. எண் கிடைச்சா ஆறாறா எட்டுக் கூட்டமா இருக்கும். ஒவ்வொரு கூட்டமும் 11ஆல மீதியில்லாம வகுபடும். சந்தேகம் வந்தா கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்துட்டு அடிங்க.

பெங்குவின்_பித்தன் (மதியம் 12.10)
11ஆல வகுபடுமா! இது எனக்கே தெரியாது அக்கா.

திண்டுக்கல்_முருகேசன் (12.31)
அப்டேட்டை நிரந்தரமா நிறுத்த ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, வேணுங்கிறவங்க தனியா கேளுங்க.

நிரல்நேசன் (12.34)
அப்படிப்பட்ட சாஃப்ட்வேர் வழியாகத்தான் தீநிரலே வரும். விண்டோஸ் 11இல் முறையாகவே சில வாரங்களுக்குத் தள்ளிப்போடலாம். அதற்கும் ஒரு முறை செட்டிங்ஸைத் திறந்து பார்க்க வேண்டும்.

திண்டுக்கல்_முருகேசன் (12.36)
எங்க வீட்டுக் கதவுக்கு எப்ப பூட்டு மாத்தணும்னு நான்தான் சார் சொல்லணும்.

ஹேமா_சிஸ்டம் (மாலை 4.15)
அண்ணா, என்ன ஆச்சு?

நெல்லை_கேமராக்காரன் (இரவு 8.47)
திறந்துடுச்சும்மா. காலேஜ் மெயில்ல இல்ல, அவ ஸ்கூல்ல படிக்கையில ஆரம்பிச்ச ஹாட்மெயில்ல கிடந்துச்சு. வாட்ஸப்ல எழுதி அனுப்பினா. மூணாவது கூட்டத்தை ஏத்துக்கவே மாட்டேன்னுச்சு, நீங்க சொன்ன மாதிரி வகுத்தா மீதி வருது, 8ஐ 3ன்னு எழுதியிருக்கா. போட்டோ காப்பி ஆயிட்டிருக்கு, 340 ஜிபி. அப்புறம் வரேன்.

சர்வீஸ்கடை_பாண்டி (8.59)
எதுக்கும் ஒருவாட்டி ரேமைத் தேய்ச்சிடுங்க சார்.